சதமடிக்கும் வெயிலும் ஒரு நேர்க்கோடும்

மே 5

வெயில் ‘சதம் அடித்தது’ என்று பத்திரிகை எழுதினால் அது 100 டிகிரி ஃபாரன்ஹீட். அதே நேரம் செல்போன் 38 டிகிரி செல்சியஸ் காட்டும். இரண்டையும் இணைப்பது ஒரு நேர்க்கோடு. செல்சியஸை ‘செ’, ஃபாரன்ஹீட்டை ‘ஃபா’ என்போம். கோட்டுக்கு (செ, ஃபா) என்று இரண்டு புள்ளி போதும்: பனிக்கட்டி உருகும் (0, 32), தண்ணீர் கொதிக்கும் (100, 212).

சாய்வு (செ 1 கூடினால் ஃபா கூடும் அளவு) = (212 − 32) ÷ (100 − 0) = 1.8
செ = 0 என்றால் ஃபா = 32. அதுதான் வெட்டுத்துண்டு, கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம்.
ஃபா = 1.8 செ + 32

மேலே 212-ஐ முதலில் எழுதிவிட்டுக் கீழே 0-வை முதலில் எழுதினால் சாய்வு −1.8 ஆகிவிடும். சூடு ஏற ஏற ஃபாரன்ஹீட் இறங்குமா என்று யோசித்தாலே தப்பு பிடிபடும்.

மே 6

1.8 என்பது 9/5. பின்னம் வேண்டாமென்றால் 5 ஆல் பெருக்க வேண்டும்: 5 ஃபா = 9 செ + 160. இதில் 32-ஐ மட்டும் பெருக்காமல் விட்டுவிடுபவர்கள் ஏராளம். செ = 0 போட்டுப் பாருங்கள், ஃபா 6.4 வரும். பனிக்கட்டி ஒத்துக்கொள்ளாது.

செ 5 கூடினால் ஃபா 9 கூடும். (35, 95), (40, 104), (45, 113) என்று தசமமே இல்லாமல் புள்ளிகள் கிடைக்கும்.

மே 8

வரைபடத்தாள். கிடை அச்சில் 1 செ.மீ. = 10 டிகிரி, செங்குத்து அச்சில் 1 செ.மீ. = 20 டிகிரி. கோட்டின் மேல் கோணமானியை வைத்தால் சுமார் 42° காட்டும். அதன் டேன் (tan) மதிப்பு, அதாவது தாளில் தெரியும் சாய்வு, 0.9 தான், 1.8 அல்ல. இரண்டு அச்சின் அளவுத்திட்டமும் வேறு என்பதால் வந்த வினை. சாய்வைத் தாளில் அளக்கக் கூடாது. அச்சில் எழுதிய எண்களிலிருந்து எடுக்க வேண்டும்.

மே 9

திருப்பிப் போடுவோம்: செ = (ஃபா − 32) × 5 ÷ 9. 100 − 32 = 68; 68 × 5 ÷ 9 = 37.8.

அடைப்புக்குறி இல்லாமல் 100 − 32 × 5 ÷ 9 என்று தட்டினால் அறிவியல் கால்குலேட்டர் பெருக்கலை முதலில் செய்து 82.2 என்னும். கடைகளில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரோ இடமிருந்து வலமாகவே போவதால் 37.8 என்று சரியாகச் சொல்லிவிடும். அதை நம்பிப் பழகினால் தேர்வுத்தாளில் மாட்டிக்கொள்வோம்.

மே 12

புவி வெப்ப உயர்வுக்கு 2015 பாரிஸ் ஒப்பந்தம் சொல்லும் 1.5 டிகிரி செல்சியஸ் இலக்கு, ஃபாரன்ஹீட்டில் எவ்வளவு? 34.7 என்பது தப்பு, 2.7 தான் சரி. அது வெப்பநிலை அல்ல, உயர்வு. இரண்டு வெப்பநிலைகளைக் கழிக்கும்போது 32-ம் 32-ம் அடிபட்டுப் போய் சாய்வு மட்டும் மிஞ்சும்.

மே 13

இரண்டு அளவும் ஒரே எண்ணைக் காட்டுவது எப்போது? அந்த எண் ட என்றால், ட = 1.8 ட + 32. ஆக −0.8 ட = 32; ட = −40. குறியை விட்டு 40 என்று எழுதினால் சரிபார்க்கும்போது 104 வந்து காட்டிக்கொடுக்கும்.

மனக்கணக்குக்கு ‘இரட்டித்து 30 கூட்டு’ என்பார்கள்: ஃபா = 2 செ + 30. இதையும் உண்மைக் கோட்டையும் சமன்படுத்தினால் 0.2 செ = 2, செ = 10. அந்த ஓர் இடத்தில்தான் துல்லியம். 40-ல் 110 சொல்லும், 6 டிகிரி அதிகம். கத்திரி வெயிலுக்கு உதவாது.

அறிவியலில் பயன்படும் இன்னொரு வெப்ப அளவான கெல்வின் (கெ) வேறு கதை. கெ = செ + 273.15. இரண்டும் எங்கே சமம் என்று கேட்டால் 0 = 273.15 என்று நிற்கும். கெ = செ, கெ = செ + 273.15 என்ற இரண்டு கோட்டுக்கும் சாய்வு 1. இணைகோடுகள், தீர்வு கிடையாது.