வெள்ளச்சி எரிந்துபோனாள்

எங்கள் கேம்பர் வேன், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் செய்கிற வேன், நெடுஞ்சாலை ஓரத்தில் எரிந்துபோய்விட்டது. எங்கள் மூன்று பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் தெரிந்த எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள், கேட்டுவிட்டு "உயிருக்கு ஒன்றும் ஆகலையே, வண்டிதானே, விடுங்க" என்று ஆறுதலும் சொல்லிவிடுகிறார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் வண்டிதானே என்று என்னால் விட முடியவில்லை. கார் எரிந்தால் கார் போகும். கேம்பர் எரிந்தால் கூடவே ஒரு வீடும் போகிறது, அதுவும் ஒவ்வொரு ஆணியும் நாமே அடித்த வீடு.

வெள்ளை நிறம் என்பதால் வெள்ளச்சி என்று பெயர் வைத்தவள் என் மகள். வாங்கும்போது உள்ளே வெறும் தகரம்தான் இருந்தது. கட்டில், அலமாரி, பாத்திரம் கழுவும் தொட்டி, கூரையில் காற்றுக்கு ஒரு சின்ன ஜன்னல் எல்லாம் நாங்கள் செய்தவை. கட்டிலுக்கு அடியில் இருந்த பெரிய இழுப்பறை, வண்டி இடதுபக்கம் வளையும்போது மட்டும் தானாகத் திறந்துகொள்ளும். எவ்வளவோ இழைத்துப் பார்த்தும் சரியாகவில்லை, கடைசியில் என் கணவர் ஒரு பழைய பெல்ட்டை வெட்டி அதற்குக் கொக்கி போட்டார். வண்டி கிளம்புவதற்கு முன் யாராவது ஒருவர் "கொக்கி போட்டாச்சா?" என்று கேட்காமல் இருந்ததில்லை. இப்போது வேறு காரில் ஏறினாலும் மகள் அதைக் கேட்கிறாள்.

எஞ்சின் பின்பக்கம் இருக்கும் பழைய வண்டி அது. இந்த வகை வண்டியில் தீப்பிடித்தால் ஓட்டுகிறவருக்குத்தான் கடைசியாகத் தெரியும், புகையும் நெருப்பும் பின்னால் போய்க்கொண்டே இருக்க, முன்னால் உட்கார்ந்திருப்பவர் சாதாரணமாக ஓட்டிக்கொண்டிருப்பார். எங்களுக்கும் எஞ்சின் ஒருமுறை திக்கியதைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பைக்கில் வந்த ஒரு பையன் பக்கத்தில் வந்து கையை ஆட்டி "அண்ணா, பின்னாடி எரியுது!" என்று கத்தியதால்தான் நிறுத்தினோம். அந்தப் பையனின் பெயரைக் கூடக் கேட்கத் தோன்றவில்லை, ஆனால் தினமும் நினைத்துக்கொள்கிறேன்.

என் கணவர் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, "பாப்பாவைக் கூட்டிட்டு முன்னாடி ஓடு, புகை வராத பக்கமா போ" என்றபடியே தீயணைப்பானை எடுத்தார். எஞ்சின் மூடியை முழுசாகத் தூக்கினால் உள்ளே காற்று புகுந்து நெருப்பு இன்னும் வேகமாகிவிடும் என்பதால், காற்றுத் துளைகள் வழியாகவே பவுடரை அடித்தார். அணைந்தது. சரி, தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் மறுபடி பிடித்துக்கொண்டது. பவுடர் நெருப்பை அமுக்கும், சூட்டைக் குறைக்காது. எஞ்சின் நின்ற பிறகும், அதற்கு மேலே இருக்கிற டாங்கிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தது, சூடான உலோகத்தில் விழ விழ எரிந்தது. உள்ளே கேஸ் சிலிண்டர் வேறு இருந்ததால், எதையும் எடுக்கப் போகாமல் அவரும் விலகி ஓடி வந்துவிட்டார். அது மிகச் சரியான முடிவு. சிலிண்டர் சூடானதும் அதன் பாதுகாப்பு வால்வு திறந்து பெரிய இரைச்சலோடு தீ பீய்ச்சியடித்ததைத் தூரத்தில் நின்று பார்த்தோம்.

தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தபோது எஞ்சினிலிருந்து கண் கூசும் வெள்ளை வெளிச்சம் சீறியது. இந்தப் பழைய எஞ்சின்கள் சிலவற்றின் உறை மக்னீசியம் கலந்த உலோகம், அது பற்றிக்கொண்டால் தண்ணீர் பட்டதும் இன்னும் மூர்க்கமாகும். மறுநாள் போய்ப் பார்த்தோம். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், அதனால் ஜன்னல் சட்டங்கள் எல்லாம் வழிந்து தார்ச்சாலையில் தட்டையாக உறைந்து கிடந்தன. இரும்பு வாணலி ஒன்று மட்டும் முழுசாகக் கிடைத்தது. இழுப்பறை இருந்த இடத்தில் அந்தப் பெல்ட்டின் கொக்கி கிடக்கிறதா என்று ரொம்ப நேரம் சாம்பலைக் கிளறினேன், இல்லை.

காரணம் எரிபொருள் கசிவு என்று சொல்கிறார்கள். எங்களுக்கு அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது, ஏனென்றால் பெட்ரோல் குழாய்களை மாற்றச் சொல்லிக் காசு கொடுத்து பில்லும் வாங்கி வைத்திருக்கிறோம். விசாரித்த பிறகுதான் தெரிகிறது, கண்ணுக்குத் தெரிகிற குழாய்களை மட்டும் மாற்றிவிட்டு, டாங்கின் வாயில் இருக்கும் சின்னத் துண்டை அப்படியே விட்டுவிடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டாம். எஞ்சினை இறக்கினால்தான் அந்தத் துண்டு கைக்கு எட்டும். எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காத பழைய ரப்பர் இறுகி வெடிப்பு விட்டுவிடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. பழைய வேன் வைத்திருக்கிறவர்கள் மெக்கானிக்கிடம் அந்தத் துண்டைக் குறிப்பிட்டே கேளுங்கள், கழற்றிய பழைய குழாயைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்சூரன்ஸ்காரர்களுக்கு நாங்கள் செய்த தச்சு வேலை கணக்கிலேயே இல்லை. மரம் வாங்கியதிலிருந்து ஒவ்வொரு கட்டமும் போனில் போட்டோ இருந்ததால், அதையெல்லாம் அனுப்பிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த வேன் தேட ஆரம்பித்துவிட்டோம். அழுதுகொண்டே தேடுகிறேன், பரவாயில்லை. கிடைத்ததும் முதல் வேலை எஞ்சினை இறக்குவது, டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை குழாய், கிளிப் ஒன்று விடாமல் மாற்றுவது, எஞ்சின் அறைக்குள் சூடு பட்டால் தானாகவே அடிக்கிற தீயணைப்பான் ஒன்று மாட்டுவது. கட்டில், அலமாரி எல்லாம் அப்புறம்தான்.