அண்ணனிடம் பேசக் கற்றுக்கொண்டேன்

மும்பை மாட்டுங்காவில் உள்ள எங்கள் வீட்டில் அம்மாவின் மருந்துச் செலவைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கும் அண்ணனுக்கும் வாக்குவாதம் முற்றிவிடும். "நீங்கள் எப்போதுமே இப்படித்தான்" என்று நான் தொடங்கியதும், அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் கார்டன் 1960களில் முன்வைத்த பேச்சு முறையில், எதிரில் இருப்பவரைக் குற்றஞ்சாட்டாமல், நடந்தது என்ன, அதனால் எனக்கு நேர்வது என்ன, என் மனம் படும் பாடு என்ன என்பவற்றை 'நான்' என்ற நிலையிலிருந்து சொல்ல வேண்டும். சொற்களை மாற்றுவதைவிட, கோபம் தணியும்வரை வாய் திறக்காமலிருப்பதே கடினம் என்பது என் அனுபவம்.

சென்ற மாதம், மூச்சு சீராகும்வரை சமையலறையில் நின்றுவிட்டு வந்து, "மூன்று மாதமாக மருந்துக்கு நானே பணம் கட்டுகிறேன், அண்ணா, 20ஆம் தேதிக்குள் சம்பளம் தீர்ந்துவிடுவதால் எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன். அவர் எழுந்துபோகவில்லை, ரசீதை வாங்கி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.