ஒஹாயோ வகுப்பில் சிக்குக் கோலம்

ஆசிரியர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகிறேன் என்றதும் எல்லாரும் சொன்ன ஒரே அறிவுரை, "பட்டுப்புடவை ரெண்டு எடுத்துக்கோங்க டீச்சர், ஒரு நாள் இந்தியாவைப் பத்திப் பேசச் சொல்வாங்க" என்பதுதான். சொன்னார்கள், நானும் பட்டுப்புடவையில் போய்ப் பேசினேன். பெரிய கோயில், பொங்கல் பானை, இட்லி எல்லாம் திரையில் வரிசையாக ஓடின, பிள்ளைகள் மரியாதையாகக் கைதட்டினார்கள், மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போய்விட்டார்கள். அந்த மாதிரிக் கைதட்டலில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. நம்மூரில் ஆண்டுவிழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினருக்கும் அதே கைதட்டல்தானே கிடைக்கிறது.

நான் போனது ஃபுல்பிரைட் டி.ஈ.ஏ. (Teaching Excellence and Achievement) திட்டத்தில். அமெரிக்க வெளியுறவுத் துறை பணம் தருகிறது. பல நாட்டுப் பள்ளி ஆசிரியர்களை ஆறு வாரம்போல ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கவைத்துப் பயிற்சி கொடுப்பார்கள், கூடவே பக்கத்துப் பள்ளியில் அங்குள்ள ஆசிரியரோடு சேர்ந்து பாடமும் நடத்த விடுவார்கள். எனக்கு அமைந்தது ஒஹாயோவில் ஒரு சிறிய ஊர், ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. கோலத்தை வைத்துக் கணக்கு நடத்தலாம் என்று நினைத்தேன், ஆனால் பனிக்காலம். வாசல் தெளித்துக் கோலம் போடுவதெல்லாம் நடக்காது, ஜிம் தரையில் மாவு கொட்டவும் அனுமதியில்லை. அதனால் கறுப்புத் தாளும் சாக்பீஸும்தான்.

கூட நடத்திய டீச்சர் முன்கூட்டியே கேட்டது ஒன்றுதான்: இது மத வழிபாடா? அங்கே அரசுப் பள்ளியில் அதில் கவனமாக இருப்பார்கள், நியாயம்தான். மார்கழிக்கும் பொங்கலுக்கும் பெரிய கோலம் போடுவோம், எங்கள் தெருவில் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரக் கோலம் போடும் வீடும் உண்டு, இங்கே நான் நடத்தப்போவது கணக்கு என்றேன். சரி என்றார்.

நேர்ப்புள்ளி வைத்த சிக்குக் கோலத்தை எடுத்துக்கொண்டேன். செவ்வகமாகப் புள்ளி வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே சாய்வாகக் கம்பியை (கோலக் கோட்டை) இழுத்து, ஓரத்தில் வளைத்துத் திருப்பி, ஒரு இடைவெளியும் விடாமல் எல்லா இடத்திலும் வெட்டிக்கொள்ளும்படி போட வேண்டும். 2 வரிசை, வரிசைக்கு 3 புள்ளி என்றால் கையை எடுக்காமல் ஒரே கம்பியில் முடிந்துவிடும். 3க்கு 3 வைத்தால் முடியாது, மூன்று தனித்தனிக் கம்பி வரும். 4க்கு 6 வைத்தால் இரண்டு. ஏன்?

விடையை நான் சொல்லவில்லை. அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு, தாளைக் கிழித்துக் கிழித்து வரைந்து, கடைசியில் பின்வரிசைப் பையன் ஒருவன் கத்தினான்: இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணிதான் கம்பிகளின் எண்ணிக்கை! ஆறாம் வகுப்பில் படித்து மறந்த சமாச்சாரம் கோலத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்ததில் அவனுக்கே ஆச்சரியம். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் 1970களிலேயே கோலங்களைக் கணினி இலக்கணமாக, அதாவது வடிவத்தைப் படிப்படியாக உருவாக்கும் விதிகளாக, எழுதி ஆராய்ந்ததை அப்போதுதான் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அதுவும் இன்னொரு ஸ்லைடாகப் போயிருக்கும்.

அதற்குப் பிறகு வந்த கேள்விகள் பட்டுப்புடவை நாளில் வராதவை. ஏன் பெண்கள் மட்டும் போடுகிறார்கள்? மழை வந்தால் வருத்தமாக இருக்காதா? எறும்புக்குச் சாப்பாடு என்று எங்கோ படித்துவிட்டு ஒரு பெண் கேட்டாள், உண்மையிலேயே எறும்பு தின்னுமா என்று. அரிசிமாவு என்றால் தின்னும், ஆனால் எங்கள் வீட்டில் தினமும் போடுவது கடையில் வாங்கும் கல்மாவு, பண்டிகைக்குத்தான் அரிசிமாவு என்றேன். நம் பெருமைப் பேச்சில் இந்தக் கல்மாவை வசதியாக மறந்துவிடுகிறோம். முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, வழக்கம் அப்படி, அது சரியென்று எனக்கும் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது வீடியோ அழைப்பு நடந்த நாள். அங்கே காலை 8 மணி என்றால் இங்கே மாலை ஆறரை. எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சிலர் வீட்டில் சொல்லிவிட்டு, பள்ளி முடிந்தும் தங்கியிருந்தார்கள். ஒஹாயோப் பிள்ளைகள் 6க்கு 9 என்று புள்ளிக் கணக்கு கொடுத்துவிட்டு, மூன்று கம்பி வரும் என்று தாளில் எழுதி மடித்து வைத்துக்கொண்டார்கள். இங்கே இவர்கள் தரையில் புள்ளி வைத்து மளமளவென்று போட்டு முடித்து எண்ணினார்கள். மூன்று. அங்கே மடித்த தாளைப் பிரித்துக் காட்டினார்கள். "எப்படிடீ போடாமலே தெரிஞ்சுது?" என்று ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது கேமராவில் தெளிவாகக் கேட்டது. அந்தப் பக்கம் எல்லாரும் திரைக்கு நெருங்கி வந்து, இவ்வளவு வேகமாக எப்படிப் போடுகிறார்கள் என்று என்னைத் துளைத்தார்கள். விதி தெரிந்தவர்களுக்குக் கம்பி நேராக வரவில்லை, கம்பி வந்தவர்களுக்கு விதி தெரியவில்லை. மீதி நேரம் முழுக்க அவர்களே பேசிக்கொண்டார்கள், நான் மொழிபெயர்த்ததோடு சரி.

திரும்பி வந்தபின் எங்கள் பள்ளியிலும் அந்தப் பாடத்தைக் கோலம் வைத்துத்தான் நடத்துகிறேன், பையன்களும் போட்டாக வேண்டும். இந்தத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கிற டீச்சர்கள் இருந்தால், புடவையோடு உங்கள் பாடத்தில் நம்மூர் சரக்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்து எடுத்துப் போங்கள். சாக்பீஸ் அங்கேயே கிடைக்கும்.