சாதிக் குதிரையின் குருதியில் என்ன இருக்கிறது?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் குழந்தைகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிவரும் ஒருவருடன் எனக்குச் சில மாதங்களாகப் பழக்கம் உண்டு. சென்ற ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் அவர் சினையாக வாங்கிவந்த பெட்டைக் குதிரை, மாசியில் ஒரு குட்டியை ஈன்றது. சினைக்குக் காரணமான பொலிகுதிரை, ராஜஸ்தானத்துக் குதிரை இனமான மார்வாரியில் அசல் என்று விற்றவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லுக்காக விலையும் கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருந்தது. குட்டியின் காது நுனிகள் உள்நோக்கி வளைந்திருப்பதும், சுழிகள் குற்றமில்லாமல் அமைந்திருப்பதும் அவருக்கு நம்பிக்கை அளித்தன. ஆனாலும் ஒரு நாள் மெல்லக் கேட்டார்: “சார், நீங்க ரத்தம் பார்க்கிற வேலையிலேயே முப்பது வருஷம் இருந்தவர். இதோட ரத்தத்தைப் பார்த்து மார்வாரிதானான்னு சொல்ல முடியாதா?”

புதுச்சேரியில் ஒரு மருத்துவ ஆய்வுக்கூடத்தில் மனிதர்களின் ஹீமோகுளோபினை, மின்சாரம் செலுத்திப் புரதங்களைப் பிரிக்கும் எலெக்ட்ரோபோரேசிஸ் முறையில் பிரித்துப் பார்த்தே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. குதிரையின் குருதியை நான் தொட்டதில்லை. ஆனால் முறை ஒன்றேதான். கேள்வியும் எளிதில் ஒதுக்கிவிடக் கூடியதாக இல்லை. ஏனென்றால் ஏறத்தாழ 1960களிலிருந்து 1990கள் வரை உலகின் குதிரை ஆய்வுக்கூடங்கள் இதையொட்டிய கேள்விகளுக்கே குருதிப் புரதங்களைக் கொண்டு விடை தேடிக்கொண்டிருந்தன.

இதற்கு வழிதிறந்தது உருளைக்கிழங்கு மாவுதான். டொராண்டோவில் பணியாற்றிய ஆலிவர் ஸ்மிதீஸ், மாவைக் காய்ச்சி உறையவைத்த கூழ்ப்பாளத்தில் குருதிநீரை வைத்து மின்சாரம் செலுத்தினால், புரதங்கள் அளவுக்கும் மின்னேற்றத்துக்கும் ஏற்பத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரியும் என்று 1955இல் காட்டினார். சிறுவயதில், தந்தையின் சட்டைகளுக்குத் தாயார் காய்ச்சிய கஞ்சி ஆறியதும் உறைந்துபோனதைப் பார்த்த நினைவே இந்த யோசனையைத் தந்தது என்று அவரே கூறியிருக்கிறார். வெள்ளை வேட்டிக்குக் கஞ்சி போடும் நம் வீடுகளிலும் அந்தக் காட்சி அன்றாடம் இருந்ததுதான். நாம் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டோம்.

குதிரையின் குருதிநீரை இப்படிப் பிரித்தபோது, இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் எல்லாக் குதிரைகளிலும் ஒரே இடத்தில் நிற்கவில்லை என்பது தெரியவந்தது. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலம் ஒன்று மாறி, அதனால் மின்னேற்றமும் மாறினால், பட்டை சற்று முன்னோ பின்னோ நகர்ந்து நிற்கும். அவ்வாறு நிற்கும் வடிவங்களுக்கு டி, எஃப், எச், எம், ஓ, ஆர் என்று எழுத்துப் பெயர்கள் இடப்பட்டன. நார்வேயின் மிக்கேல் பிரேண்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்த கிளைட் ஸ்டார்மான்ட்டும் 1964இல் குதிரைகளின் ஹீமோகுளோபின், டிரான்ஸ்ஃபெரின் வகைகளைப் பற்றி எழுதினார்கள். பின்னர் ஆல்புமின், எஸ்டெரேஸ் ஆகிய குருதிநீர்ப் புரதங்களிலும் சிவப்பணுக்களுக்குள் உள்ள சில நொதிகளிலும் இத்தகைய வேறுபாடுகள் கண்டறியப்பட்டன.

இங்கே கவனிக்கவேண்டியது, தாயிடமிருந்து வந்த வடிவமும் தந்தையிடமிருந்து வந்த வடிவமும் ஒன்றையொன்று மறைப்பதில்லை என்பதாகும். இரண்டும் பாளத்தில் தெரியும். தாய்க்குதிரையிடம் டி வடிவம் மட்டுமே இருந்து, குட்டியிடம் டியும் ஆரும் இருக்குமானால், அந்த ஆர் தந்தையிடமிருந்தே வந்திருக்க வேண்டும். தந்தை என்று காட்டப்படும் பொலிகுதிரையிடம் ஆர் இல்லையென்றால், அது தந்தையல்ல என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். இருந்தால் மட்டும் தந்தை என்று ஆகிவிடாது. ஆர் வடிவமுள்ள வேறு எந்தப் பொலிகுதிரையும் தந்தையாக இருந்திருக்கலாம். பல புரதங்களையும் குருதி வகைகளையும் சேர்த்துப் பார்த்தபோது, பொய்யாகக் காட்டப்பட்ட தந்தையை நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கு மேல் பிடிக்க முடிந்தது. பந்தயக் குதிரைகளின் வம்சப் பதிவேடுகள் பல ஆண்டுகள் நம்பியிருந்தது இந்த விலக்கும் திறனைத்தான்.

இனத்தை அடையாளம் காண்பது இதிலிருந்து வேறுபட்ட காரியம். இன்ன இனத்துக்கு மட்டுமே உரிய புரத வடிவம் என்று கைகாட்டக் கூடியது பெரும்பாலும் கிடைக்கவில்லை. பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் இனக் குதிரையிடம் காணும் வடிவங்களை அரபுக் குதிரையிடமும் காணலாம். வேறுபடுவது அவை எத்தனைக்கு எத்தனை என்ற விகிதமே. எஃப் வடிவம் ஓர் இனத்தில் மிகுதியாகவும் மற்றோர் இனத்தில் அருகியும் இருக்கும். ஐம்பது குதிரைகளைக் கொண்டுவந்தால், அந்தக் கூட்டம் எந்த இனத்தை ஒத்திருக்கிறது என்று விகிதத்தை வைத்துக் கணிக்கலாம். ஒரே ஒரு குட்டியைக் காட்டிக் கேட்டால் அந்தக் கணக்கு கைகொடுக்காது. நெல்லின் ஒரு மணியைக் கொண்டு அது எந்த ஊர்க் களத்தது என்று கேட்பதைப் போன்றது அது.

விகிதங்கள் ஏன் இனத்துக்கு இனம் மாறுகின்றன என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. தரோபிரெட் குதிரைகளின் ஆண்வழி, பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன் என்ற மூன்று பொலிகுதிரைகளுக்குள் அடங்கிவிடுகிறது. இன்றைய தரோபிரெட் ஆண்வழிகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு டார்லி அரேபியன் ஒன்றிடமே சென்று சேர்வதாக 2001இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு குறுகிய வாசல் வழியாக ஓர் இனம் நுழையும்போது, அந்தச் சில முன்னோர்களிடம் தற்செயலாக இருந்த வடிவங்களே பெருகும்; மற்றவை அருகும், அல்லது அறவே விடுபடும். தகுதியால் மட்டுமே ஒரு வடிவம் பரவியது என்று எண்ணுவது நம் மனத்துக்கு உகந்தது. பல நேரங்களில் நடந்தது வெறும் குலுக்கல்தான் என்பது என் கருத்து.

பாளத்துக்கு ஒரு குறையும் உண்டு. மின்னேற்றத்தை மாற்றாத மாற்றங்கள் அதன் கண்ணுக்குப் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே டிஎன்ஏ முறைகள் வந்ததும் ஆய்வுக்கூடங்கள் அவற்றுக்கு மாறின. ட்வைலைட் என்ற தரோபிரெட் பெட்டைக் குதிரையின் முழு மரபணுத்தொகுதி 2009இல் வெளியானது. இப்போது நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான இடங்களை ஒருசேர ஒப்பிட்டு, ஒரு தனிக் குதிரையின் இனக்கலப்பைக்கூட ஓரளவு கணிக்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒப்பிடுவதற்கு அந்தந்த இனத்தின் மாதிரிகள் போதிய அளவில் முன்னரே சேகரிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் மணலில் கோடு கிழித்து, பட்டைகளை வரைந்து அவருக்கு விளக்கினேன். குட்டி அந்தக் கோடுகளின்மேல் இரண்டு முறை நடந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ அப்பன் இதுதானான்னு மட்டும் பார்த்துடலாமா சார்?” என்றார். பொலிகுதிரையின் குருதி கொஞ்சம் கிடைத்தால் அதைப் பார்க்க முடியும் என்றேன். விற்றவரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டார். அந்தக் குதிரை பங்குனியிலேயே வயிற்றுவலி கண்டு இறந்துவிட்டதாம்.

“காது மட்டும் நல்லா வளைஞ்சிருக்கு சார்” என்று சொல்லிக்கொண்டே, தாய்க்குதிரைக்கு ஊறவைத்த கொள்ளை எடுக்கப் போனார்.