வெட்டாமல் விட்ட இடங்கள்

நேர்காணல் ஒலிப்பதிவுகளை எடிட் செய்வது என் தொழில். "இழுக்குது சார், கொஞ்சம் டைட் பண்ணிடுங்க" என்று சொல்லித்தான் பெரும்பாலும் ஃபைல் வரும். எதை வெட்டக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்டது லாஸ் ஏஞ்சலிஸ் நகைச்சுவைக் கலைஞர் மார்க் மாரனின் 'டபிள்யூடிஎஃப்' என்ற நேர்காணல் பாட்காஸ்டைக் கேட்டுத்தான்.

ஸ்டாண்ட்-அப், அதாவது மேடையில் தனியாக நின்று சிரிக்க வைப்பது, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுகிற கலை. ஒரே ஜோக்கை இரவுக்கு இரவு சொல்லிப் பார்த்து, சிரிப்பு வராத சொல்லைத் தூக்கி எறிவார்கள். மாரன் அந்தப் பள்ளியில் வளர்ந்தவர். எண்பதுகளின் பிற்பகுதியில் காமெடி ஸ்டோர் என்ற நகைச்சுவை அரங்கில் வாசல்காரராக நின்றார். போதைப் பழக்கத்தில் சீரழிந்து, 1999இல்தான் மீண்டார். கோனன் ஓ'பிரையனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 40 தடவைக்கு மேல் தோன்றியும் பெரிய பெயர் கிடைக்கவில்லை. 2009இல், 45 வயதில், ஏர் அமெரிக்கா வானொலியில் இருந்த வேலையும் போயிற்று.

வேலை போனாலும் நுழைவு அட்டை கையில் இருந்தது. தயாரிப்பாளர் பிரெண்டன் மெக்டொனால்டும் அவரும் இரவில் அந்த வானொலியின் ஸ்டூடியோவுக்குள் போய் முதல் சில அத்தியாயங்களைப் பதிவு செய்தார்கள். 2009 செப்டம்பரில் 'டபிள்யூடிஎஃப்' பிறந்தது. பிறகு லாஸ் ஏஞ்சலிஸின் ஹைலண்ட் பார்க் பகுதியில் மாரன் வீட்டு கார் ஷெட்டே ஸ்டூடியோ ஆனது. 2015இல் அதிபராக இருந்த ஒபாமா அங்கேதான் வந்து உட்கார்ந்து பேசினார். பக்கத்து வீட்டுக் கூரையில் துப்பாக்கி வீரர்கள் காவல் நின்றார்கள்.

மாரன் இலக்கணமான பேட்டியாளர் அல்ல. குறுக்கே பேசுவார், நடுவில் தன் கதையை எடுத்து விடுவார், தடுமாறுவார். எங்கள் பக்கம் என்றால் அதைத்தான் முதலில் வெட்டச் சொல்வார்கள். ஆனால் அவர் தன் புண்ணைத் திறந்து காட்டுவதால்தான் எதிரில் இருப்பவரும் திறக்கிறார். 2010இல் நகைச்சுவை நடிகர் ராபின் வில்லியம்ஸ் வீட்டில் எடுத்த பேட்டி இதற்குச் சான்று. மேடையில் மின்னல் வேகத்தில் குரல் மாற்றுகிற மனிதர், குடியையும் மனச்சோர்வையும் பற்றித் தாழ்ந்த குரலில் பேசுகிறார். திடீரென ஒரு வேடிக்கைக் குரல் எட்டிப் பார்க்கிறது, மறுபடி தணிகிறது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்திருந்தால் பேட்டியின் உயிரே போயிருக்கும். 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

2020 மே மாதம் அவருடைய துணைவி, இயக்குநர் லின் ஷெல்டன் திடீரென இறந்தார். ஓரிரு நாளில் மாரன் மைக் முன் உட்கார்ந்துவிட்டார். குரல் உடைகிறது, அழுதுகொண்டே பேசுகிறார். அதை அப்படியே வெளியிட்டு, கூடவே 2015இல் ஷெல்டனுடன் எடுத்த பேட்டியையும் சேர்த்திருந்தார்கள். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் போட்டுக்காட்டுவது இதைத்தான். மூச்சையும் விம்மலையும் எங்கே விட்டுவைக்க வேண்டும் என்பதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது.

வாரம் இரண்டு என்று 16 ஆண்டுகள் ஓட்டிவிட்டு, களைத்துப்போய், 2025 அக்டோபரில் மாரனும் மெக்டொனால்டும் சேர்ந்தே பாட்காஸ்டை நிறுத்தினார்கள். கடைசி விருந்தினரும் ஒபாமாதான். இந்த முறை மாரன் வாஷிங்டனுக்குப் போனார். அவர் இன்னும் மேடையேறுகிறார். எனக்கு ஒரே ஆதங்கம், மெக்டொனால்டின் பெயர் எங்கள் துறைக்கு வெளியே பலருக்குத் தெரியவில்லை. 1,600க்கும் மேற்பட்ட அத்தியாயங்களுக்குப் பின்னால் இருந்த காது அவருடையது.