"அக்கா, ரீஃபண்ட் எவ்வளவு வரும்?"

ஜனவரி கடைசில அமெரிக்க வரித்துறை ஐஆர்எஸ்ஸோட இ-ஃபைலிங் திறந்ததுல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் எனக்கு வர்ற மெசேஜ்ல பாதிக்கு மேல இந்த ஒரே கேள்விதான். கம்பெனி கொடுக்கற சம்பளக் கணக்கு டபிள்யூ-2 இன்னும் கைக்கு வந்திருக்காது, ஷேர் வித்த கணக்குக்கு ப்ரோக்கர் அனுப்பற 1099 பிப்ரவரி நடுவுலதான் வரும், அதுக்குள்ள "தோராயமா சொல்லுங்கக்கா, ஒரு ஐடியாவுக்கு"ன்னு கேப்பாங்க. அமெரிக்கால வேலை பாக்கற நம்ம ஊர் ஆளுங்களுக்கு டேக்ஸ் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கறதுதான் என் வேலை. இத்தனை சீசன் பாத்ததுல எனக்கு மனசுல பட்டது என்னன்னா, இந்த வேலையில வர்ற முக்கால்வாசி சண்டையும் மனக்கசப்பும் ரீஃபண்டை வச்சு ரிட்டர்னை அளக்கறதுலதான் ஆரம்பிக்குது.

ரீஃபண்ட்ங்கறது உங்க பணம்தான். வருஷம் பூரா சம்பளத்துல பிடிச்சது, கட்ட வேண்டிய வரியை விட ஜாஸ்தியா இருந்தா மிச்சம் திரும்பி வருது, பெரும்பாலானவங்களுக்கு விஷயம் அவ்வளவுதான். 6,000 டாலர் வந்தவர் அந்த 6,000த்தை வட்டி இல்லாம கவர்மென்ட்கிட்ட விட்டு வச்சிருந்தாருன்னு அர்த்தம். ஆனா ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரருக்கு 6,000 வந்துச்சாம், எனக்கு ஏன் 400, அவர் ஆடிட்டர் கெட்டிக்காரர் போலன்னு பேச்சு போயிடும். அவருக்கு ரெண்டு குழந்தை, மனைவி வேலைக்குப் போகல, சம்பளத்துல எவ்வளவு வரி பிடிக்கணும்னு கம்பெனிக்குச் சொல்ற டபிள்யூ-4 ஃபார்மை வேற மாதிரி கொடுத்திருக்காரு, இதெல்லாம் யாரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறது இல்ல, கடைசில வர்ற நம்பரை மட்டும்தான் சொல்லிக்கறாங்க.

"போன வருஷம் வந்துச்சு, இந்த வருஷம் ஏன் கட்டணும்?"னு கேக்கறப்போ எனக்கு நிஜமாவே பாவமா இருக்கும், ஏன்னா காரணம் பெரும்பாலும் நல்ல செய்தியாத்தான் இருக்கும். மனைவிக்கு வேலை பாக்க அனுமதி தர்ற ஈஏடி வந்து வேலைக்குச் சேந்திருப்பாங்க. ரெண்டு பேரும் டபிள்யூ-4ல மேரீட் ஃபைலிங் ஜாயின்ட்லி, அதாவது சேந்து ரிட்டர்ன் போடறோம்னு டிக் பண்ணிட்டு, ரெண்டு பேருக்கும் வேலை இருக்குன்னு சொல்ற ஸ்டெப் 2வை அப்படியே விட்டிருப்பாங்க. கணவர் கம்பெனி பேரோல் இந்தக் குடும்பத்துக்கு இந்த ஒரு சம்பளம்தான்னு நினைச்சு கம்மியா பிடிக்கும், அவங்க கம்பெனியும் அதையேதான் பண்ணும், ரெண்டையும் கூட்டி ரிட்டர்ன்ல போடறப்போ ஆயிரக்கணக்குல துண்டு விழும். நான் என்ன சாஃப்ட்வேர்ல போட்டாலும் அது மாறாது, ஏன்னா பணம் ஏற்கனவே சம்பளமா கைக்கு வந்து செலவும் ஆகிடுச்சு.

அடுத்தது ஆர்எஸ்யூ, கம்பெனி சம்பளத்தோட கொடுக்கற ஷேர். ஐடி ஆளுங்க கிட்ட இதை மட்டும் நிறுத்தி நிதானமா சொல்லணும்னு ஆசை, சீசன்ல நேரமே கிடைக்கறதில்ல. ஒரு உதாரணம் சொல்றேன். 20,000 டாலருக்கு ஷேர் வெஸ்ட் ஆகுது, அதாவது உங்க கைக்கு வருது. அந்த 20,000 உங்க டபிள்யூ-2 பாக்ஸ் 1ல சம்பளத்தோட சம்பளமா ஏற்கனவே சேந்துடுச்சு. கொஞ்ச நாள் கழிச்சு அதை 20,500க்கு விக்கறீங்க. ப்ரோக்கர் அனுப்பற 1099-பில விற்ற தொகை 20,500ன்னு இருக்கும், காஸ்ட் பேசிஸ் (அடக்க விலை) இடத்துல பல நேரம் 0ன்னோ காலியாவோதான் இருக்கும். அதை அப்படியே தட்டிட்டா 20,500 லாபம்னு கணக்காகி ஒரே பணத்துக்கு ரெண்டு தடவை வரி கட்டிடுவீங்க, உண்மையான லாபம் வெறும் 500. சரியான பேசிஸ் எங்க இருக்கும்னா அதே ப்ரோக்கர் சைட்ல சப்ளிமென்டல் ஸ்டேட்மென்ட்னு தனியா ஒரு பிடிஎஃப் இருக்கும், அதை எடுத்து ஷேர் விற்பனையைக் காட்டற ஃபார்ம் 8949ல அட்ஜஸ்ட் பண்ணணும். நான் அந்த பிடிஎஃப்பைத்தான் திரும்பத் திரும்ப கேப்பேன், "அதான் 1099 அனுப்பிட்டேனே அக்கா, இன்னும் என்ன?"ன்னு சலிச்சுக்குவாங்க. சலிப்பு புரியுது, ஆனா அந்த ஒரு பேப்பர்ல அவங்க பணம் பல ஆயிரம் டாலர் இருக்கு.

இதுலயே இன்னொரு விஷயம். வெஸ்ட் ஆகறப்போ கம்பெனி வழக்கமா 22 சதவீதம்தான் பிடிக்கும், நீங்க 32 சதவீத ஸ்லாப்ல இருந்தா மீதி 10 சதவீதம், அந்த 20,000த்துக்கு 2,000 டாலர், ஏப்ரல்ல உங்க கையில இருந்துதான் போகணும். "அதான் டேக்ஸ் பிடிச்சுட்டாங்களே"ங்கறது உண்மைதான், பத்தாம பிடிச்சிருக்காங்க.

இப்போ எனக்கு ரொம்ப மனசுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வர்றேன், ஊர்ல இருக்கற அக்கவுண்ட். "இந்தியால ஏதாவது பேங்க் அக்கவுண்ட் இருக்கா?"ன்னு கேட்டா முதல்ல வர்ற பதில் "பெருசா ஒண்ணும் இல்லக்கா". கொஞ்சம் பொறுமையா பேசினா வெளிநாட்டுல இருக்கற இந்தியர்களுக்கான என்ஆர்இ அக்கவுண்ட்ல எஃப்டி ஒண்ணு வெளிய வரும், அப்பாகூட ஜாயின்ட் அக்கவுண்ட் ஒண்ணு வரும், மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி ஒண்ணு வரும். "என்ஆர்இ வட்டி டேக்ஸ் ஃப்ரீன்னு பேங்க்லயே சொன்னாங்களே"ம்பாங்க. பேங்க்ல சொன்னது பொய் இல்ல, இந்தியாவுல ஃப்ரீ. இங்க அமெரிக்கால வரிக் கணக்குப்படி நீங்க ரெசிடென்ட் ஆயிட்டா உலகத்துல எங்க சம்பாதிச்சாலும் கணக்குக் காட்டணும், அந்த வட்டிக்கும் வரி உண்டு. அதோட வெளிநாட்டு அக்கவுண்ட் எல்லாத்தையும் கூட்டி வருஷத்துல ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார்ங்கற வெளிநாட்டு அக்கவுண்ட் அறிக்கை போடணும். அதுக்கு வரி கிடையாது, தகவல் மட்டும்தான், ஆனா போடாம விட்டா அபராதம் ரொம்பக் கடுமையா இருக்கும். அப்பா பணமா இருந்தாலும் ஜாயின்ட்ல உங்க பேர் இருந்தா உங்க எஃப்பார்ல வரணும். மியூச்சுவல் ஃபண்ட் இருந்தா வெளிநாட்டு ஃபண்டுக்கான பிஃபிக் விதி, ஃபார்ம் 8621ன்னு அது தனிக்கதை, அதுல கை வைக்கவே பல பேர் மறுப்பாங்க.

ரிட்டர்னோட சேர்ற ஷெட்யூல் பிங்கற ஃபார்ம்ல வெளிநாட்டு அக்கவுண்ட் இருக்கான்னு ஒரு கேள்வி இருக்கு, எஸ் இல்லைன்னா நோ. "நோ போட்டுடுங்கக்கா, அந்த வட்டியைக் காட்டினா ரீஃபண்ட் குறையுது"ன்னு சொல்றப்போதான் எனக்கு வயித்தைக் கலக்கும். கோபம் வர்றதில்ல, பயம்தான். ஹெச்1பி விசால இருக்கறவர், கிரீன் கார்டுக்கு வருஷக்கணக்கா காத்துட்டு இருக்கறவர், பொய்னு தெரிஞ்சா தண்டனைக்கு உள்ளாவேன்னு எழுதியிருக்கற இடத்துல கையெழுத்துப் போடப் போறாரு, எதுக்காக? சில நூறு டாலருக்காக. அவருக்குக் கீழ என் பேரும், ரிட்டர்ன் போடறவங்களுக்கு ஐஆர்எஸ் கொடுக்கற பிடிஐஎன் நம்பரும் போகுது, நானும் கையெழுத்து போடறேன். அப்படிப்பட்ட ரிட்டர்னை நான் போடறதில்ல, சில பேர் கோவிச்சுட்டுப் போயிருக்காங்க.

போற இடம்தான் கவலையா இருக்கும். ரீஃபண்ட்ல இவ்வளவு பர்சன்டேஜ்னு ஃபீஸ் பேசறவங்க, ரிட்டர்ன்ல தன் கையெழுத்தே போடாதவங்க, இவங்ககிட்ட போகாதீங்கன்னு ஐஆர்எஸ்ஸே எச்சரிக்குது. நோட்டீஸ் வர்றப்போ அவங்க போன் எடுக்க மாட்டாங்க, நோட்டீஸ்ல இருக்கறது உங்க பேர்.

மத்த கேள்வி எல்லாம் சீக்கிரம் முடியறதுதான். ஊர்ல இருக்கற அப்பா அம்மாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பறோம், டிபென்டென்ட் காட்டலாமான்னா முடியாது, அவங்க அமெரிக்க சிட்டிசனாவோ இங்க ரெசிடென்டாவோ இருக்கணும், கனடா மெக்சிகோல இருக்கறவங்களுக்கு மட்டும் விலக்கு. இது எனக்கே நியாயமாப் படல, ஆனா சட்டம் அதுதான். வீட்ல இருந்து வேலை பாக்கறேன், ஹோம் ஆபீஸ் கழிக்கலாமான்னா டபிள்யூ-2 வாங்கற சம்பள ஆளுங்களுக்கு ஃபெடரல் வரில 2018ல இருந்தே கிடையாது. எக்ஸ்டென்ஷன் போட்டா அக்டோபர் 15 வரைக்கும் டைம் இருக்கேன்னா, பேப்பர் கொடுக்கத்தான் டைம், பணம் ஏப்ரல்லயே கட்டணும். கையில பணம் இல்லைன்னாலும் ரிட்டர்னை மட்டும் நேரத்துக்கு ஃபைல் பண்ணிடுங்க, ஃபைல் பண்ணாததுக்கு கட்ட வேண்டிய வரியில மாசம் 5 சதவீதம் அபராதம், கட்டாததுக்கு மாசம் அரை சதவீதம்தான்.

நான் கெஞ்சிக் கேக்கறது ஒண்ணுதான், நவம்பர்ல ஒரு தடவை போன் பண்ணுங்க. அப்போ கடைசி பே ஸ்டப்பையும் ஆர்எஸ்யூ வெஸ்டிங்கையும் வச்சு பாத்தோம்னா கையில இன்னும் ரெண்டு மூணு சம்பளம் பாக்கி இருக்கும், டபிள்யூ-4ஐ மாத்தலாம், ஓய்வுக்காலச் சேமிப்பு 401கேல கொஞ்சம் ஏத்தலாம், அப்படியும் பத்தலைன்னா ஜனவரி 15க்குள்ள எஸ்டிமேட்டட் டேக்ஸ்னு நாமளே நேரா கட்டிடலாம். போன வருஷ மொத்த வரி அளவுக்காவது பிடிச்சிருந்தா, போன வருஷ வருமானம் 150,000 டாலருக்கு மேலன்னா அதுல 110 சதவீதம், கம்மியா கட்டினதுக்கான அண்டர்பேமென்ட் பெனால்டி வராது. அப்படிக் கூப்பிடறவங்க ஏப்ரல்ல என்கிட்ட ரீஃபண்ட் கேக்கறதில்ல. எவ்வளவு கட்டணும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும், "நம்ம அன்னிக்கு போட்ட கணக்குதானே அக்கா?"ன்னு கேட்டுட்டு இ-ஃபைல் பண்ண அனுமதி கொடுக்கற ஃபார்ம் 8879ல கையெழுத்து போட்டு அனுப்பிடுவாங்க.