அவர் பஞ்சமம், டீச்சரின் ஷட்ஜம்

இருபது வருடமாக நாடகத்துக்குப் பெட்டி வாசிக்கிறேன். பெட்டி என்றால் ஹார்மோனியம். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை என்பதே கிடையாது. கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் கதாநாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வந்து சேர்வார்கள்; ராத்திரி மேடையேறினால் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். "எத்தனை கட்டை?" என்று கேட்டுக்கொள்வதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். கட்டை என்றால் பாடுகிறவரின் சுருதி; எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். அப்படிப் பழகிய என்னை ஓர் அமெச்சூர் குழு கூப்பிட்டது. நாடகம் கிடையாதாம், பழைய நாடகப் பாட்டுகளை மட்டும் வைத்து இரண்டு மணி நேரக் கச்சேரியாம், அதற்கு இரண்டு மாதம் ஒத்திகையாம். தெரிந்த பாட்டுக்கு இரண்டு மாதம் எதற்கு என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

வேடனும் வள்ளியும் தர்க்கம் செய்யும் பாட்டில்தான் முதல் சிக்கல். வேடனாகப் பாடியவர் வங்கிக் காசாளர். கனமான குரல், ஒரு கட்டை. வள்ளி பள்ளி ஆசிரியை, ஐந்து கட்டை. அந்தக் கால மேடையில் இந்தப் பிரச்சினை இருந்திருக்காது. மைக் இல்லாமல் கடைசி வரிசைவரை கேட்க வேண்டுமே, ஆண்களும் மேல் சுருதியில்தான் பாடினார்கள். 1933-ல் இருபத்தேழே வயதில் மறைந்த நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்டவர்களுக்கு அந்த உயரம் தெரியும். காசாளர் அங்கே ஏறப் பார்த்தார். மூன்றாம் நாளே தொண்டை கட்டிக்கொண்டது.

"அண்ணே, என்னாலதான் பாட்டு கெடுது. வேற ஆளைப் போட்டுக்கங்க" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்றிரவு வீட்டில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். ஒரு கட்டைக்குப் பஞ்சமம், அதாவது 'ப', எதுவோ, ஐந்து கட்டைக்கு அதுவே ஷட்ஜம், அதாவது 'ச'. பெட்டியில் விரல் வைக்கும் இடம் ஒன்றுதான். அவர் அடியை முடிக்கும்போது பஞ்சமத்தைப் பிடித்துக்கொண்டே நின்றேன் என்றால், அந்தச் சுரத்தின் மேலேயே வள்ளி தன் அடியை எடுத்துவிடலாம். திரும்பி வரும்போது வள்ளியின் மத்திமம், அதாவது 'ம', வேடனுக்கு ஷட்ஜமாகிவிடும். மறுநாள் வாசித்துக் காட்டினேன். நாலைந்து தடவை தட்டுத் தடுமாறி, பிறகு ஒட்டிக்கொண்டது.

சுருதி சரி, தாளமும் சரி. ஆனாலும் பாட்டில் உயிர் இல்லை. கச்சேரிதானே என்று இருவரும் சபையைப் பார்த்தபடி, காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பாடினார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த தர்க்கப் பாட்டு அப்படி நிற்காது. ஒருவர் விட்ட சொல்லை மற்றவர் அந்த இடத்திலேயே பிடித்துத் திருப்பி அடிக்க வேண்டும். எதிராளி இல்லாவிட்டால் அது வெறும் மனப்பாடம்.

"டீச்சர், பேப்பரைக் கீழ வைங்க. சாரைப் பார்த்துப் பாடுங்க."

"பார்த்தா சிரிப்பு வருது சார்."

"சிரிங்க. வள்ளியும் சிரிச்சிருப்பா."

அதற்குப் பிறகுதான் பாட்டு எழுந்து உட்கார்ந்தது.

தொழில்காரர்களிடம் அமெச்சூர் என்றால் ஓர் இளக்காரம் உண்டு. என்னிடமும் இருந்தது. 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபை என்ற அமெச்சூர் நாடகக் குழுவைத் தொடங்கிய நாளிலிருந்தே, வேறு வேலை பார்த்துக்கொண்டு ஆசைக்கு மேடையேறுகிறவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். பகல் முழுக்கப் பிள்ளைகளோடு கத்திவிட்டு, கைக்காசைப் போட்டு வாடகைக்குப் பிடித்த கூடத்தில், ஒரே அடியை முப்பது தடவை பாடுகிற அந்த டீச்சரைப் பார்த்த பிறகு அந்த நினைப்பு என்னை விட்டுப் போய்விட்டது. நூற்றுக்கணக்கான ராத்திரிகள் நானும் இதே பாட்டை வாசித்திருக்கிறேன். அதன் சொற்களை நின்று கேட்டது அந்த இரண்டு மாதத்தில்தான்.

கச்சேரியன்று மூன்றாம் சரணத்தில் காசாளருக்கு அடி மறந்துவிட்டது. பெட்டிக்காரனுக்குப் பின்பாட்டு உரிமை உண்டு. நான் அந்த அடியை எடுத்துப் பாடினேன். டீச்சர் என் பக்கம் திரும்பவே இல்லை. கேள்வி கேட்டவள் பதிலுக்குக் காத்திருப்பதுபோல, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடனையே பார்த்து நின்றார். அந்தப் பார்வைக்காகவே சபை கை தட்டியது. தட்டல் அடங்குவதற்குள் காசாளருக்கு அடி ஞாபகம் வந்துவிட்டது. நான் குரலை இறக்கிக்கொண்டு பஞ்சமத்தை மட்டும் பிடித்துக்கொண்டேன்.